மூடுபனி ஊரில் அம்பாசிடருக்குச் சீட் தைத்த கதை

குன்னூரில் நிற்கும் எங்கள் 1968 அம்பாசிடர் மார்க் 2-வின் இரண்டு பெஞ்சு சீட்டுகளும் ஒரு முழு வடகிழக்குப் பருவமழையைத் தாண்டிவிட்டன. பூசணம் இல்லை, வாடை இல்லை, தையல் எங்கும் விடவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். பழைய கார் வைத்திருப்பவர்களிடம் சீட் துணி பற்றிக் கேட்டால் வரும் யோசனைகளில் பெரும்பாலானவை சமவெளி வெயிலுக்கானவை. சூடு தாங்குமா, வியர்வையில் ஒட்டுமா, காபி கொட்டினால் துடைக்க வருமா என்றுதான் பேச்சு போகும். 1,800 மீட்டர் உயரத்தில், அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை பனிமூட்டத்துக்குள்ளேயே நிற்கிற வண்டிக்குக் கேள்வி வேறு. ஈரம் உள்ளே போகத்தான் போகும். போன ஈரம் எந்த வழியாக வெளியே வரும்?

சீட்டைப் பிரித்தபோதே இந்தக் கேள்விக்கான காரணம் கண்ணில் பட்டது. மேலே மெரூன் ரெக்ஸின் உறை. அதற்குக் கீழே இன்னொரு பழைய பச்சை உறை, கழற்றாமலே விட்டது. அதற்கும் கீழே 3 அங்குல ஸ்பஞ்சு, ஸ்பஞ்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஒரு பாலித்தீன் தாள். ஈரம் புகாமல் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் யாரோ போட்டிருக்கிறார்கள். ஆனால் தையல் ஓட்டை வழியாகவும் ஓரங்கள் வழியாகவும் போன ஈரம் அந்தத் தாளின் மேல் தேங்கி நின்றுவிட்டது. ஸ்பஞ்சின் அடிப்பக்கம் கருத்து, கையால் அழுத்தினால் நீர் கசிந்தது. ரெக்ஸினை ஏந்திய பருத்தித் துணி முழுக்கப் பூசணம். மேலே துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த சீட்டுக்குள் இதுதான் இருந்தது.

துணி வாங்கப் போகும் முன் இரண்டு வேலைகளை முடித்தேன். முதலாவது ஒழுகல். வண்டித் தரையில் இருந்த ரப்பர் விரிப்பையும் அதன் கீழிருந்த சணல் மெத்தையையும் எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாளைப் பரப்பி, வெளியிலிருந்து தண்ணீர்க் குழாயைப் பிடித்தேன். எந்த இடத்தில் தாள் நனைகிறதோ அதற்கு நேர் மேலே தேட வேண்டும். முன் கண்ணாடி ரப்பரின் இரண்டு கீழ் மூலைகளிலும் கசிவு இருந்தது. பின் கதவு ஒன்றின் அடியில் நீர் வெளியேறும் துளைகள், அடிப்பக்கம் பூசிய தார்ப்பூச்சில் அடைபட்டிருந்தன. கதவுக்குள் இறங்கிய மழைநீர் அங்கேயே நின்று, பிறகு உள்பக்கம் வழிந்திருக்கிறது. ஒரு சைக்கிள் ஆரக்கம்பியால் துளைகளைத் திறந்தேன். முன் கண்ணாடி ரப்பரைப் புதிதாக மாற்றினோம். இந்தச் சோதனைக்குச் செலவு என்று எதுவும் இல்லை. எவ்வளவு நல்ல துணி வாங்குவதாக இருந்தாலும் முதலில் இதைச் செய்துவிடுங்கள்.

இரண்டாவது, சீட்டின் இரும்புக் கூடு. சுருள் ஸ்பிரிங்குகளில் மூன்று ஒடிந்திருந்தன. முன் விளிம்புக் கம்பியில் துரு ஏறி, விரல் நகத்தால் சுரண்டினாலே செதில் செதிலாக வந்தது. கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் அதே கம்பிக் கனமுள்ள ஸ்பிரிங் கிடைத்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, விளிம்புக் கம்பிக்கு வெல்டிங் வைத்து, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு இரண்டு கோட், அது நன்றாகக் காய்ந்த பிறகு கறுப்பு எனாமல் ஒரு கோட். ஸ்பிரிங்குகளைப் பிணைத்திருந்த பருத்திக் கயிறு உளுத்துப் போயிருந்ததால் நைலான் கயிறால் கட்டினேன்.

அப்புறம்தான் துணி.

கடையில் மாதிரியைத் தடவிப் பார்த்து முடிவெடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கிடைத்த ஒவ்வொரு வகையிலும் 25 சென்டிமீட்டர் சதுரத் துண்டு வாங்கினேன். அடுப்படிச் சூட்டில் நன்றாக உலர்த்தி, சமையலறைத் தராசில் எடை எழுதி, கார் ஷெட்டில் ஒரு கம்பியில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டேன். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் முழுதாகப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு துண்டின் பாதியைச் சன்னல் ஓரத்து வெயிலுக்கு நீட்டி, மறு பாதியை அட்டையால் மூடியிருந்தேன். இங்கே வெயில் சுடாது, ஆனால் உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் கூடும். சாயம் போவதற்கு அது போதும்.

தோல்தான் என் மனதில் முதலில் இருந்தது. பழைய காருக்குத் தோல் சீட் என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? நம் ஊர் மலைகளுக்கும் தோலுக்கும் உறவு வேறு உண்டு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வனத்துறை ஏக்கர் ஏக்கராக நட்ட சீகை மரங்கள், பட்டையில் இருக்கும் துவர்ப்புக்காக, சமவெளித் தோல் பதனிடும் ஆலைகளுக்காகவே வளர்க்கப்பட்டவை. அதற்கு முன்பு அந்த வேலையை ஆவாரம் பட்டை செய்தது. அதனால் இரண்டு வகைத் தோல் எடுத்தேன். ஒன்று, திண்டுக்கல்லிலிருந்து உறவினர் ஒருவர் அனுப்பிய, பட்டைத் துவர்ப்பில் பதனிட்ட தோல். மற்றது ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த, குரோம் உப்பில் பதனிட்டு மேலே நிறப்பூச்சு கொடுத்த 1.1 மி.மீ. கனத் தோல். கார் சீட்டுக்கென்றே விற்பது இந்த இரண்டாவது வகை.

பட்டைத் தோல் முதலில் விழுந்தது. ஆடி மாதம் முடிவதற்குள் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம். குரோம் தோல் மேல்பக்கம் தாக்குப் பிடித்தது. நிறப்பூச்சு இல்லாத பின்பக்கத்தில் வடகிழக்கு மழையின்போது புள்ளி புள்ளியாக வந்தது. துடைத்து வெயிலில் வைத்தால் போய்விடும்தான். ஆனால் சீட்டில் தைத்தபின் பின்பக்கத்தை யார் துடைப்பது? தோலை மிருதுவாக வைக்கப் பூசும் எண்ணெயே பூசணத்துக்கு உணவாகிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. விலையும் இடித்தது. நம் நாட்டு மாட்டுத் தோல் அளவில் சிறியது, ஒரு தோலில் 20 சதுர அடிக்குச் சற்று மேல் தேறினால் அதிகம். அதிலும் தழும்பும் உண்ணிக்கடியும் இருக்கும் பகுதிகளை ஒதுக்க வேண்டும். இரண்டு பெஞ்சுக்கும் 120 சதுர அடி கணக்குப் போட்டுச் சொன்ன விலை, சதுர அடி 160 ரூபாய் வீதம் 19,200. தையல் கூலி தனி. தினமும் ஓடுகிற வண்டியாக, வீட்டோடு ஒட்டிய உலர்ந்த ஷெட்டில் நிற்பதாக இருந்தால் தோலைப் பற்றி இன்னும் யோசித்திருப்பேன். மாதத்தில் பாதி நாள் பனிக்குள் நிற்கிற வண்டிக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

தோல் போலவே இருக்கும் பி.யூ. துணியைக் கடைக்காரர்கள் நிறையப் பரிந்துரைத்தார்கள். கைக்கு மெத்தென்று இருக்கும், தைக்கவும் சுலபம். ஷெட்டில் தொங்கியபோதும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் நான் ஒதுக்கினேன். மேலே இருக்கும் பாலியூரித்தேன் படலத்தை ஈரப்பதம் மெல்ல மெல்லச் சிதைக்கும். சில வருடங்களில் பொடிப்பொடியாக உரிந்து உடையில் ஒட்டும். எங்கள் வீட்டு வரவேற்பறை சோபாவே அப்படித்தான் போனது. மலையில் இருப்பவர்கள் இதை வாங்கவே கூடாது என்பது என் அழுத்தமான கருத்து.

ரெக்ஸினில் இரண்டு வகை தொங்கவிட்டேன். இரண்டுக்கும் மேலே ஒரே பி.வி.சி. படலம்தான், அதைத் தாங்கும் துணிதான் வேறு. பருத்தி நெசவு ஒட்டிய துண்டின் பின்பக்கம் பூசணம் பிடித்து, அந்தக் கறை மேல்பக்கம் இளஞ்சிவப்புத் திட்டாகத் தெரிந்தது. வெளிர் நிறமாக இருந்ததால் நன்றாகவே தெரிந்தது. பாலியஸ்டர் பின்னல் ஒட்டியது சுத்தமாக இருந்தது. எடையும் 44 கிராமிலிருந்து 45-க்குத்தான் போனது. கடையில் ரெக்ஸின் வாங்கும்போது முகத்தை விட்டுவிட்டு முதலில் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பின்னல் துணி என்றால் கையால் இழுத்தால் கொஞ்சம் நீளும். அது வளைவுகளில் சுருக்கமில்லாமல் படியவும் உதவும்.

அப்படியானால் முழுக்க அதையே போட்டிருக்கலாமே என்றால், இரண்டு காரணங்கள். டிசம்பர், ஜனவரிக் காலையில் ரெக்ஸின் சீட்டில் உட்கார்ந்தால் உடம்பு சில்லிட்டுவிடும், குளிரில் பி.வி.சி. விறைத்து, மடங்கும் இடத்தில்தான் முதலில் வெடிப்பு விடும். இன்னொன்று வழுக்கல். முன்னால் நீள பெஞ்சு, கியர் ஸ்டீயரிங் தண்டிலேயே இருக்கும் ஹேண்ட் கியர், பக்கத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பர்லியாருக்குப் போகும் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுநர் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் அவர் மேல் சாய்ந்துகொண்டு இறங்குவது ரெக்ஸின் சீட்டில்தான். இது சௌகரியம் பற்றிய பேச்சு மட்டும் இல்லை, பாதுகாப்பும்கூட.

துணி வகைகளில் கார்டுராய் பருத்தி 22 கிராமிலிருந்து 25 ஆகி, தொட்டால் சில்லென்று ஈரம் தெரிந்தது, பூசணமும் பிடித்தது. சோபாவுக்கு விற்கும் பாலியஸ்டர் நெசவு 25 கிராமிலேயே நின்றது, பூசணமே இல்லை. ஆனால் வெயில் பட்ட பாதியில் அடர்சிவப்பு ஆரஞ்சாகிவிட்டது. வேறு நிறத்தில் நன்றாக இருந்திருக்கலாம். கடைசியாக, கோவையில் ஒரு கோட்டுத் துணிக்கடையில் அடிமாட்டு விலைக்குக் கிடைத்த, 80 பங்கு கம்பளியும் 20 பங்கு நைலானும் கலந்த கனமான சாம்பல் நிறத் துணி. இது 27 கிராமிலிருந்து 32 ஆனது. ஈரத்தை எல்லாவற்றையும் விட அதிகமாக இழுத்தது இதுதான். ஆனால் தொட்டுப் பார்த்தால் உலர்ந்தே இருந்தது. கம்பளி இழை தன் எடையில் கால் பங்குக்கு மேல் ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் ஈரமாகத் தோன்றாது. வெயில் வந்த மறுநாளே பழைய எடைக்குத் திரும்பியது. சாயமும் போகவில்லை. ஒரு ஓரத்தைத் தீக்குச்சியில் காட்டினேன்: கருகியது, தீயை எடுத்ததும் அணைந்துவிட்டது. பாலியஸ்டர் உருகிச் சொட்டியது. பழைய ஆங்கிலேயக் கார்களில் கம்பளித் துணி போட்டதற்குப் பின்னால் குளிர் தேசத்து அனுபவம் இருக்கிறது என்பது எனக்கு அன்று புரிந்தது.

ஆக முடிவு இது. உட்காரும் இடமும் முதுகு சாயும் இடமும் கம்பளிக் கலப்புத் துணி. இரு பக்க மேடுகள், முன் விளிம்பிலிருந்து தொங்கும் பகுதி, சீட்டின் பின்முதுகு எல்லாம் பின்னல் முதுகுள்ள கருநீல ரெக்ஸின். ஏறி இறங்கும்போது உரசுகிற இடங்கள் ரெக்ஸின், உடம்பு படுகிற இடங்கள் துணி.

தைத்தது குன்னூரில் எஸ்டேட் ஜீப்புகளுக்கும் பிக்கப் வண்டிகளுக்கும் குஷன் வேலை செய்யும் ஒரு பாய். துணியைக் காட்டியதும் அவர் முகம் மாறியது.

“சார், ரெக்ஸின்னா ஒரு துடை துடைச்சுட்டுப் போயிரலாம். இத யாரு பாத்துக்கறது?”

ஷெட்டில் தொங்கிய துண்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பருத்தி முதுகு ரெக்ஸினை மோந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

“சரி சார், தெச்சிரலாம். ஆனா உள்ள என்ன போடப் போறீங்க? மறுபடியும் ஸ்பஞ்சுதான்னா மேல என்ன துணி போட்டும் பிரயோஜனம் இல்லீங்க. காயர் போடுங்க.”

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அந்த ஒரு சொல். தேங்காய் நாரை ரப்பர் பாலில் பிணைத்து அழுத்திய ரப்பர் காயர் பலகை மெத்தைகளுக்குப் போடுவார்கள். நாருக்கு நடுவே காற்று ஓடும். நார் சுலபத்தில் மக்காது. சாம்பல் கம்பளி ஈரத்தை வாங்கி, காயர் வழியாக அது கீழே இறங்கி, ஸ்பிரிங் கூட்டுக்குள் காற்றோடு போய்விட வேண்டும். அதனால் ஸ்பிரிங்கின் மேல் புதுச் சாக்கு, அதன்மேல் காயர், காயர் குத்தாமல் இருக்க 12 மி.மீ. ஸ்பஞ்சு மட்டும். நடுவில் வழக்கமாகப் போடும் காடாத் துணிக்குப் பதில், கடைகளில் பை தைக்கிற நெய்யாத பாலிப்ரொப்பிலீன் துணி. காடா பருத்தி, அது பூசணத்துக்கு இடம் கொடுக்கும்.

அளவு எடுப்பதில் நிதானம் வேண்டும். முன் பெஞ்சின் அகலம் 51 அங்குலம். நடுத் துணிப் பகுதி 34, இரு பக்கமும் ரெக்ஸின் எட்டரை எட்டரை. பழைய தோற்றம் வர, துணிக்கு அடியில் 6 மி.மீ. ஸ்பஞ்சு வைத்து 2 அங்குலப் பட்டைகளாகத் தைத்தோம்; 34-க்கு 17 பட்டை. ஒவ்வொரு பட்டை மேடும் கால் அங்குலத் துணியை விழுங்கும், அதுவே நாலேகால் அங்குலம். தையலுக்கு விடுவது ஒரு அங்குலம். ஆக முப்பத்தொன்பதேகால். 54 அங்குல அகலத் துணியில் தாராளமாக அடங்கியது. முழு 51-ம் துணியிலேயே பட்டை போட நினைத்திருந்தால் நடுவில் ஒட்டு விழுந்திருக்கும். துணி 4 மீட்டர், ரெக்ஸின் 9 மீட்டர் வாங்கினேன். துணி அரை மீட்டர் மிஞ்சியது.

வெட்டும் முன் துணியை ஈரத்தோடு நீராவியில் காட்டி ஒருமுறை சுருங்க விட்டோம். கம்பளிக்கு இது கட்டாயம். நூல் பாலியஸ்டர், பருத்தி நூல் இந்த ஊரில் இற்றுவிடும். ஊசி 18-ஆம் நம்பர், அங்குலத்துக்கு 6 தையல். இன்னும் நெருக்கமாகப் போட்டால் ரெக்ஸின் தையல் கோட்டிலேயே தபால்தலை போலக் கிழியும். ஓரத் தையலில் உருண்டையாக ஓடும் பைப்பிங்குக்கு உள்ளே சணல் கயிறு வேண்டாம் என்று பிளாஸ்டிக் கயிறு. சீட்டின் அடிப்பக்கம் இரு ஓரங்களிலும் நாலு நாலு பித்தளை ஐலெட் (துளை வளையம்) அடித்தோம். உட்கார்ந்து எழும்போதெல்லாம் உள்ளே இருக்கும் காற்று அதன் வழியாக வெளியே போய்ப் புதுக் காற்று வரும்.

முதல் முறை முன் சீட்டைப் பொருத்தியபோது உயரம் தவறியது. கடையில் 2 அங்குலக் காயர்தான் இருந்தது, அதையே போட்டோம். பழைய சீட் வருடக்கணக்கில் அமுங்கி இருந்ததால் எனக்கு நினைவில் இருந்த உயரத்துக்கும் இதற்கும் ஒண்ணேகால் அங்குலம் வித்தியாசம். ஸ்டீயரிங்கின் கீழ் வளையம் தொடையில் இடித்தது, கிளட்சை மிதிக்கும்போது கால் முழுதாக எழவில்லை. உறையைக் கூட்டோடு பிணைத்திருந்த கம்பி வளையங்களையெல்லாம் பிளேயரால் பிரித்து, மேட்டுப்பாளையத்திலிருந்து 1 அங்குலப் பலகை வரவழைத்துத் திரும்பப் போட்டோம். உறை கொஞ்சம் தொளதொளத்தது. பாய் பக்கத் தையலைப் பிரித்து முக்கால் அங்குலம் உள்ளே பிடித்தார். 2 அங்குலப் பலகை வீணாகவில்லை, பின் சீட்டில் அது சரியாகப் பொருந்தியது. உறையை வெட்டும் முன்பே காயரையும் ஸ்பஞ்சையும் கூட்டில் வெறுமனே வைத்து, ஓட்டுபவர் உட்கார்ந்து, கிளட்சை முழுதாக மிதித்துப் பார்த்துவிட வேண்டும்.

செலவு: துணி 4,600. ரெக்ஸின் 3,780. காயர் 2,900, ஸ்பஞ்சு 1,100, சாக்கும் நெய்யாத துணியும் 500. நூல், பைப்பிங், வளையம், பசை, ஐலெட் எல்லாம் 1,350. ஸ்பிரிங், வெல்டிங், பெயின்ட் 1,800. தையல் கூலி 9,500, பிரித்துத் திரும்பத் தைத்ததற்குப் பாய் தனியாக வாங்க மறுத்துவிட்டார். மொத்தம் 25,530 ரூபாய். தோலுக்குப் போயிருந்தால் மேல் பொருளுக்கு மட்டுமே இதில் முக்கால் பங்கு போயிருக்கும்.

மழைக்காலத்தில் பராமரிப்பு எளிது. பின் சீட் மெத்தை தனியாகத் தூக்க வரும். வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் அதை எடுத்துச் சுவரோரம் நிமிர்த்தி வைக்கிறேன். முன் சீட்டுக்குக் கண்ணாடிகளை விரல் கனம் இறக்கி விட்டால் போதும். கம்பளிக்குப் பூசணத்தை விடப் பூச்சிதான் எதிரி. சீட்டுக்கு அடியில் ஒரு துணி முடிச்சில் நாப்தலின் உருண்டை வைத்திருக்கிறேன், வாரத்துக்கு ஒருமுறை பிரஷ். பூச்சி இருட்டையும் அசையாத இடத்தையும் தேடும், அதனால் வண்டியைக் கொஞ்சமாவது ஓட்டிக்கொண்டிருப்பது நல்லது.

திரும்பச் செய்தால் இரண்டு மாற்றம். பட்டைகளுக்கு உள்ளே வைத்த 6 மி.மீ. ஸ்பஞ்சுக்குப் பதில் கம்பளி ஃபெல்ட் வைப்பேன். பட்டை மேடுகள் உட்காரும் இடத்தில் இப்போதே லேசாகத் தட்டையாகத் தொடங்கியிருக்கின்றன. முன் சீட்டின் பின்முதுகிலும் முழுக்க ரெக்ஸின் போட்டதற்குப் பதிலாக, கீழே ஒரு சாண் உயரம் வலைத் துணி விட்டிருப்பேன். முதுகுப் பகுதி அடிப்பகுதியை விட மெதுவாக உலர்கிறது.

அடுத்தது கதவு உள்பலகைகள். பழைய ஹார்டுபோர்டு ஈரத்தில் உப்பி, ஆணி பிடிக்கவில்லை. 3 மி.மீ. மரைன் பிளைவுட்டில் வெட்டி, எல்லா ஓரங்களுக்கும் வார்னிஷ் கொடுத்து, உள்பக்கம் பாலித்தீன் தாள் ஒட்டப் போகிறேன். சீட்டுக்குள் கூடாத பாலித்தீன் அங்கே அவசியம்: கதவுக்குள் இறங்கும் மழைநீர் பலகையில் படாமல், அடித் துளைக்கே போக வேண்டும். மிஞ்சிய அரை மீட்டர் துணியைக் கதவுக்கு எடுக்கவில்லை. ஓட்டுநர் உட்காரும் இடத்துப் பட்டைகள் தேய்ந்தால் மாற்றுவதற்கு அதே சாயத் துணி பிறகு கிடைக்காது.